தலையணை உறையின் உள்பக்கம்

"எங்க லாட்ஜுல ஒருத்தரையும் நம்ப முடியலை," என்றார் மேகலிங்கம்.

முப்பிடாதி படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை பேர் வேலை பாக்காங்க?"

"ஆறு பேர்."

"ஏழு பேர் அண்ணாச்சி. உங்களை விட்டுட்டு எண்ணுதிய."

முதல் பதிலே மேகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

குற்றாலத்தில் அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. ஊர் முழுக்க எண்ணெய் தேய்த்த உடம்புகள் அருவிக்கும் அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அருவியில் நின்றாலும் அந்த எண்ணெய் முழுசாகப் போகாது. மிச்சம் லாட்ஜுத் தலையணைக்கு வந்து சேரும். வெயில் தலைகாட்டாத அந்த இரண்டு மாதமும் துவைத்த துணி காய்வதுதான் லாட்ஜுக்காரர்களுக்குப் பெரும்பாடு.

மேகலிங்கம் முப்பது அறை லாட்ஜ் ஒன்றின் மேனேஜர். வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபது வருஷத்தை அடுத்தவர்களைச் சந்தேகப்படுவதிலேயே செலவழித்திருந்தார். அதற்குப் பெயர் பொறுப்பு என்று அவர் நினைத்தார். அவருடைய முதலாளியும் அப்படியே நினைத்தார்.

முப்பிடாதி பன்னிரண்டு அறை லாட்ஜ் ஒன்றில் துப்புரவு வேலைக்குத் தலைவி. வயது முப்பத்து மூன்று. நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. துணி அறையில் சேலைத் தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள்.

அந்தச் சின்ன லாட்ஜ் மேகலிங்கத்தின் முதலாளியுடைய சம்பந்திக்குச் சொந்தமானது. அவள் பொறுப்புக்கு வந்தபிறகு அங்கே தங்கியவர்கள் ஒருவர்கூட அழுக்கு என்று புகார் சொன்னதில்லை என்று ஊரில் பேச்சு.

"அது எப்படின்னு ஒரு வாரம் இருந்து படிச்சிட்டு வாரும்," என்று முதலாளி அனுப்பிவைத்திருந்தார்.

தன்னைவிட இருபது வயது சின்னவளிடம், அதுவும் துடைப்பம் பிடிக்கிறவளிடம் படிக்கப் போவதா என்று மேகலிங்கத்துக்கு வழியெல்லாம் மனம் புழுங்கியது. புகாரே வராத லாட்ஜ் என்று ஒன்று உலகத்தில் கிடையாது, ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்பது அவர் முடிவு. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் பெட்டியோடு வந்து இறங்கினார்.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

அது பேச்சித்தாயை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம்.

பேச்சித்தாய் அவருடைய லாட்ஜில் ஒன்பது வருஷமாக அறை சுத்தம் செய்கிறவள். பத்து நாளைக்கு முன்னால் அவள் சுத்தம் செய்த அறையில் ஒரு குடும்பம் தங்கியது. மறுநாள் காலையில் அவர்களுடைய சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கக் கன்னம் முழுக்கக் கொப்புளம். தலையணையைப் பார்த்தால் உறை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தது. தையல் மேலே தெரிந்தது. முந்தின நாள் ஆள் படுத்த எண்ணெய்ப் பக்கம் உள்ளே பதுங்கியிருந்தது.

பிள்ளையின் தகப்பனார் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். சுகாதார அதிகாரி வந்து, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். மேகலிங்கத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தக் கையெழுத்து விழுந்தால் பேச்சித்தாய்க்கு இந்த வேலை மட்டும் போகாது. அழுக்குக்காக அனுப்பப்பட்டவள் என்று பேர் எடுத்தவளைக் குற்றாலத்தில் வேறு எந்த லாட்ஜும் வாசலில் ஏற்றாது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள்.

இது மேகலிங்கத்துக்கும் தெரியும். ஆனால் தப்பு தப்புதானே என்பது அவர் கட்சி.

இதையெல்லாம் முப்பிடாதியிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பேச்சித்தாய் என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? மழைல்லா சார், துணி காயலை, ஒரே ஒரு நாளுதான்னா. பிடிபட்டவ எல்லாரும் சொல்லுத சாக்கு."

"நீங்க அறையை எப்படிச் சோதிப்பிய?"

மேகலிங்கம் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, கடிதத்தோடு கிடந்த புளியங்கொட்டைகளை அள்ளி அவளுக்குக் காட்டினார்.

அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஓர் அறைக்கு ஐந்து கொட்டை. கட்டில் காலடியில் ஒன்று, கக்கூஸ் பின்னால் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று, வாளிக்குப் பின்னால் ஒன்று, மெத்தைக்கு அடியில் ஒன்று. சுத்தம் செய்கிறவள் ஐந்தையும் கொண்டுவந்து மேஜையில் வைக்கவேண்டும். ஐந்தும் வந்தால் அறை சுத்தம். ஒன்று குறைந்தால் அன்றைக்கு அவளுக்குத் திருநாள்தான்.

"ரகசியமாத்தான் ஆரம்பிச்சேன். ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. போகட்டும், நல்லதுதானன்னு விட்டுட்டேன். மூலை மூலையாத் தேடுவாளுக."

"அன்னைக்கு அந்த அறையில எத்தனை கொட்டை வந்துது?"

மேகலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அஞ்சும் வந்துது."

முப்பிடாதி அவர் உள்ளங்கையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள். மடித்து வைத்த வெள்ளை விரிப்பின் நடுவில் வைத்தாள். விரலால் சுண்டிவிட்டாள். கொட்டை எங்கோ போய் விழுந்தது.

"சுத்தமாயிட்டு," என்றாள்.

கேலி செய்கிறாள் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

அன்று மத்தியானம் முழுக்க மேகலிங்கம் டார்ச் லைட்டோடு அந்த லாட்ஜைத் துருவினார்.

கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தலையணையை முகர்ந்தார். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குளியலறைச் சாக்கடை மூடியைத் திருகி எடுத்து உள்ளே விரலை விட்டார்.

ஒரு முடிகூடச் சிக்கவில்லை.

நான் வருகிறேன் என்று தெரிந்து முன்கூட்டியே கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தார். அதனால் மறுநாள் விடிந்ததும் ஆள் காலி செய்துவிட்டுப் போன கையோடு ஒன்பதாம் நம்பருக்குள் புகுந்து பார்த்தார். அதை இன்னும் சுத்தம் செய்யவில்லை. ஆனால் அழுக்கு, அந்த ஒரு நாளில் தங்கியவர் வைத்த அழுக்குதான். பழைய அழுக்கு கிடையாது.

மேகலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. திருடன் இருக்கும் வீட்டில் எதுவும் களவு போகாவிட்டால் போலீஸ்காரருக்கு வருமே, அந்த எரிச்சல்.

"பினாயில் எங்க வச்சிருக்க?" என்று கேட்டார்.

"கடைசியாத்தான் எடுக்கணும் அண்ணாச்சி. முதல்லயே ஊத்தினா மூக்கை ஏமாத்திரும்."

அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு ஒன்றும் இல்லை. டம்ளர் துடைக்கும் துணி வேறு, தரை துடைக்கும் துணி வேறு, இரண்டும் ஒரே கொடியில்கூடத் தொங்கக்கூடாது. விரிப்பும் உறையும் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும். மேகலிங்கம் எண்ணெய்க் கறை தெரியாமல் இருக்க எல்லாவற்றையும் அரக்கு நிறத்தில் மாற்றியிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

துணியைத் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் பையைப் பார்க்கவேண்டும். தங்கியவர்கள் துவைக்கப் போடும் சட்டையில் பஸ் டிக்கெட் இருக்கும், மாத்திரை இருக்கும், சாவி இருக்கும். அதனால் ஒருத்தி வாளிக்கு முன்னால் குனிந்தால், பக்கத்தில் நிற்கிறவள் "பையைப் பாத்தியா?" என்று கேட்பாள். அவள் "பாத்தேன்" என்று சொன்னபிறகுதான் துணி தண்ணீருக்குள் போகும். தலையணை உறை என்றாலும் கேள்வி உண்டு, பதிலும் உண்டு. உறைக்கு ஏது பை என்று மேகலிங்கம் கேட்டார். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான் என்றாள்.

இதெல்லாம் எந்த லாட்ஜ்காரனுக்கும் தெரிந்ததுதான். இதற்காகவா ஒரு வாரம் என்று மேகலிங்கம் நினைத்தார். நிஜமான சங்கதியை ஒளித்துவைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு சாவியைக் கொடுத்தாள்.

"ஆறாம் நம்பர் உங்களுக்கு. நீங்க இங்க இருக்க வரைக்கும் நீங்கதான் சுத்தம் பண்ணணும்."

"யார் வந்து பாப்பாங்க?"

"எதை?"

"நான் பண்ணினதைத்தான்."

"நீங்க பாக்க மாட்டியளா?" என்று கேட்டுவிட்டு, தொட்டிலில் குழந்தை சிணுங்கியதால் போய்விட்டாள்.

மேகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அன்றைக்கு அறையைத் தேய்த்த தேய்ப்பில் தரையில் முகம் தெரிந்தது. சாக்கடை மூடியைக் கழற்றிக் கழுவினார். டம்ளரைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் வரவில்லை.

மத்தியானம் ஒரு குடும்பம் வந்து அறைக்குள் போயிற்று. மறுநாள் காலி செய்துவிட்டுப் போயிற்று.

வெள்ளிக்கிழமையும் அப்படியே தேய்த்தார். அன்றைக்கும் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

நான் இல்லாத நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்று தோன்றியது. அதனால் சனிக்கிழமை அறையை முடித்துப் பூட்டியபிறகு, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு கறுப்பு நூலைச் செருகிவைத்தார். கதவு திறந்தால் நூல் கீழே விழும்.

மூன்று மணிக்கு வந்து பார்த்தார். நூல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

அப்படியானால் ஆள் வைத்து வேவு பார்க்கிறாள். மைதீன்பாத்து என்று ஒருத்தி அங்கே வேலை செய்தாள், நாற்பது வயதுக்காரி, எப்போது பார்த்தாலும் சிரிப்பாள். அவள்தான் ஒற்று என்று முடிவுகட்டினார். துணி அறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் வேறு இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை. ஒருநாள் நைசாக அதை ஆட்டிப்பார்த்தார். உள்ளே காகிதம் சலசலத்தது. ஒருத்தியைப் பற்றி ஒருத்தி எழுதிப் போடும் கோள் டின் என்று உறுதியாயிற்று.

"அதுல என்ன இருக்கு?" என்று மைதீன்பாத்துவிடம் கேட்டார்.

"செவ்வாக்கிழமை தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

மேகலிங்கம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கிற ஆளா? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டின்னைத் திறந்து கொட்டிப்பார்த்தார். பன்னிரண்டு துண்டுச்சீட்டுகள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எண்கள். வேறு ஒரு எழுத்தும் கிடையாது. யாருக்கு எந்த அறை என்று வேலை பிரிக்கிற சீட்டு போலிருக்கிறது. திரும்ப அள்ளிப் போட்டு மூடினார்.

அப்போது தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு அவரையே பார்த்தது. களவு செய்தவர் மாதிரி அவருக்கு உடம்பு கூசியது. சமாளித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினார். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. செண்பகா என்று பேர். அதற்குப் பிறகு துணி அறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போவார்.

ஆக, யாரும் பார்ப்பதில்லை. நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேகலிங்கம் சாக்கடை மூடியைத் திருகவில்லை. நேற்றுத்தானே கழுவினோம் என்று நினைத்தார். டம்ளரைக் கொதிநீரில் போடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி துடைத்த துணியாலேயே ஒரு துடை துடைத்துக் கவிழ்த்துவைத்தார். பளபளவென்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை இடுப்பு வலித்தது. கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போன மட்டும் போயிற்று. ஊதுபத்தி ஒன்று கொளுத்திவைத்தார்.

இதை அவரைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. கேட்பாரில்லாத இடத்தில் மனசு என்னென்ன சலுகை எடுத்துக்கொள்ளும் என்பது இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிற எனக்கும் தெரியும். மேகலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. அந்த இரண்டு நாளும்கூட அவர் மைதீன்பாத்துவின் கைகளைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு துணியையும் மாற்றிவிடுகிறாளா என்று.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

ஆறாம் நம்பரில் தங்கியிருந்தவர் விருதுநகர்க்காரர், தனி ஆள். முந்தின நாள் எண்ணெய்க் குளியல் போட்டவர். ராத்திரி முழுக்க இருமினேன், அருவித் தண்ணீர் சேரவில்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேகலிங்கம் விரிப்பை மாற்றினார். தலையணை உறைக்குத்தான் வந்தது வினை. அலமாரியில் உறை தீர்ந்துவிட்டது. துவைத்ததெல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் ஈரமாகத் தொங்கியது. உறை வேண்டுமென்றால் அந்த மழையில் கொட்டகைக்குப் போய், பாதி காய்ந்த ஒன்றை எடுத்து, இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை நின்று, தேய்த்துக் காயவைத்து எடுத்துவர வேண்டும். முக்கால் மணி நேர வேலை.

தலையணையைப் புரட்டிப் பார்த்தார். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ராத்திரிதான் படுத்திருக்கிறார். நடுவில் லேசாக மஞ்சள்.

கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

உறையை உருவினார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். மறுபடி மாட்டினார். தட்டிவைத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அன்றைக்கும் ஒரு ஊதுபத்தி கொளுத்திவைத்தார்.

அந்த நேரத்தில் அவருக்குப் பேச்சித்தாயின் நினைவு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அதுதான் வேடிக்கை. கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது, நெஞ்சுக்கு நேராக.

இரண்டு மணிக்கு முப்பிடாதி எல்லோரையும் துணி அறைக்குக் கூப்பிட்டாள். பிஸ்கட் டின் வெளியே வந்தது.

"இந்த வாரம் யார் முறை?" என்று மேகலிங்கம் கேட்டார். வேலை பிரிக்கிற சமாசாரம் தெரிந்தவர் மாதிரி கேட்டார்.

"முப்பிடாதி முறைதான் சார்," என்றாள் மைதீன்பாத்து. "போன வாரம் எனக்கு. என் மவனும் மருமவளும் வந்து மூணாம் நம்பர்ல தங்கினாங்க."

மேகலிங்கத்துக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை இங்கே வேலை செய்கிற ஒருத்தியின் குடும்பம் லாட்ஜில் வந்து தங்கும். எல்லாரையும் போல அருவிக்குப் போவார்கள், வருவார்கள், படுப்பார்கள். எந்த அறை என்று சீட்டு எடுத்துத்தான் தெரியும். அன்றைக்குச் சீட்டு எடுத்து முடிக்கும்வரை எந்த அறையையும் புது ஆளுக்குக் கொடுப்பதில்லை. எடுத்த சீட்டை மாற்றுகிற பேச்சு கிடையாது. முப்பிடாதி பொறுப்புக்கு வந்த வருஷம் இந்த லாட்ஜ் முதலாளியிடம் கேட்டு வாங்கியது இது ஒன்றைத்தான்.

"இது எதுக்கு?" என்றார் மேகலிங்கம்.

"எங்க பிள்ளைகளும் அருவியில குளிக்கணும்லா சார்," என்று சொல்லி மைதீன்பாத்து சிரித்தாள்.

முப்பிடாதி டின்னை அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க எடுங்க அண்ணாச்சி. இந்த வாரம் விருந்தாளி கை எடுக்கட்டும். எங்க வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திட்டுச் சாயங்காலம்தான் வருவார். பிள்ளையை இப்பமே படுக்க வச்சிருவேன்."

மேகலிங்கம் கையை விட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

ஆறு.

எல்லாச் சீட்டிலும் ஆறு என்று எழுதிவைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. டின்னைப் பிடுங்கி விரிப்பின்மேல் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்று, நாலு, பதினொன்று, இரண்டு. பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு சீட்டுகள், பதினோரு எண்கள். ஆறு மட்டும் இல்லை. ஆறு அவர் கையில் இருந்தது.

சந்தேகப்பட ஒருவரும் கிடைக்கவில்லை. மனிதர் அதற்குத்தான் கலங்கிப்போனார்.

"இன்னைக்கு ஆறு வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றாள் முப்பிடாதி. "இன்னைக்கு வராட்டா என்னைக்காவது வரும்."

அவள் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்த அறையைப் போய் ஒரு தடவை பாத்துட்டு..." என்று மேகலிங்கம் ஆரம்பித்தார்.

"நீங்க சுத்தம் பண்ணினதுதான அண்ணாச்சி. பிறகு நான் என்னத்தைப் பாக்கணும்?"

அவள் நடந்தாள்.

மேகலிங்கம் பின்னால் போனார். வராந்தா நீளமானது. சாரல் உள்ளே அடித்தது. அவளுடைய தோளுக்கு மேலே குழந்தையின் முகம் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தது. தெரிந்த ஆள் என்பதால் சிரித்தது.

அதன் கன்னத்தை அவர் பார்த்தார்.

ராத்திரி முழுக்க இருமினேன் என்று விருதுநகர்க்காரர் சொன்னது அப்போதுதான் அவர் காதில் முழுசாக விழுந்தது. டம்ளர் ஞாபகம் வந்தது. திருகாத சாக்கடை மூடி ஞாபகம் வந்தது. மூன்றாம் நம்பர் முன்னால் நின்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். நாலு தாண்டியது. ஐந்து தாண்டியது. வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் மற்றவர்களைச் சொல்ல வைத்தே பழகிய வாய் அது.

முப்பிடாதி ஆறாம் நம்பர் கதவைத் திறந்தாள். ஊதுபத்தி வாசம் வந்தது.

அவள் கட்டில் பக்கம் போனாள். நின்று பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை, எதையும் புரட்டவில்லை. ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு தலையணைக்குக் குனிந்தாள்.

"பொறுங்க," என்றார் மேகலிங்கம்.

அவளை அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் தலைக்கும் தலையணைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"ஏன் அண்ணாச்சி?"

அவர் கட்டிலருகே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டார். மறைக்கவேண்டும் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவள் முன்னால் அதை நீட்டினார்.

தையல் மேலே இருந்தது.

முப்பிடாதி தையலைப் பார்த்தாள். மேகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. காறித் துப்பினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

"மழைல்லா அண்ணாச்சி," என்றாள் அவள். "துணி காஞ்சிருக்காது."

அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

"ஒரே ஒரு நாளுதான்," என்றார் மேகலிங்கம். சொல்லி முடித்தபிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று தெரிந்தது. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை அவருடைய சட்டைப் பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

பிறகு எழுந்தார். உறையை உருவினார். விரிப்பை எடுத்தார். டம்ளரை எடுத்தார். குளியலறைக்குள் போய் வாளியில் தண்ணீர் பிடித்துச் சோப்பைக் கரைத்தார். முப்பிடாதி குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

மேகலிங்கம் உறையைக் கையில் பிடித்தபடி வாளிக்கு முன்னால் குனிந்தார்.

"பையைப் பாத்தியளா அண்ணாச்சி?"

அங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். உறைக்குப் பை கிடையாது.

மேகலிங்கம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கடிதம் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு புளியங்கொட்டைகளும் வந்தன. கடிதத்தைப் பிரித்தார். மேலே பேச்சித்தாயின் பேர் இருந்தது. கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் வெள்ளையாக இருந்தது.

எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டார்.

"பாத்தேன்," என்றார்.